மலையில் இருக்கும் அழுங்கின் பெயர் கடலாமைக்கு எப்படிப் போனது?

கேட்டவர்: அஞ்செட்டி லாரிக்காரன்

வணக்கம். எனக்கு ஊர் அஞ்செட்டிப் பக்கம். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு தெற்கே போய் வருகிறேன். போன மாதம் கீழக்கரைக்குப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் நின்றன. கடற்கரையில் ஒரு பெரியவர் வலையைப் பரப்பி வைத்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நாலு முழம் வலையே இல்லை. என்ன ஆச்சுங்க என்று கேட்டேன். "அழுங்காமை சிக்கிருச்சு தம்பி. வலைய அறுத்துதான் வெளிய விட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுங்கு, அதாவது எறும்புதின்னி, எங்கள் ஊர்க் காட்டுப் பிராணி ஆயிற்றே! அது எப்படிக் கடலுக்குள் போகும்?

எட்டு வயதில் ஒரு தடவை அழுங்கைப் பார்த்திருக்கிறேன். தாத்தாவோடு ராகிக் காட்டுக்குக் காவலுக்குப் போன ராத்திரி. பரணுக்குக் கீழே கறையான் புற்றைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. தாத்தா டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைச் சுற்றி, பந்தாகச் சுருண்டுவிட்டது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் குந்தினோம். அதன் செதில்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு நாட்டு ஓட்டுக் கூரை மாதிரியேதான், ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்து, வரிசை வரிசையாக இருந்தது. "இத எவனாலயும் பிரிக்க முடியாதுடா. அழுங்குப் பிடின்னு சொல்றது இதத்தான்" என்றார் தாத்தா. கொஞ்ச நேரம் தள்ளி நின்றோம், அது மெல்லப் பிரிந்து போய்விட்டது.

வலைக்காரப் பெரியவர் தன் ஆமையின் மூக்கைச் சொல்ல என் லோடிலிருந்தே ஒரு கிளிமூக்கு மாங்காயை எடுத்துக் காட்டினார். "இந்த நுனி மாதிரி வளஞ்சிருக்கும்" என்றார். பெயருக்கு மட்டும் காரணம் கேட்டால், "எங்க அப்பா சொன்னாரு, நான் சொல்றேன்" என்று சிரித்துவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு மாதமாக வண்டி ஓட்டும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

பதில்: கீழக்கரைப் பெண்

அண்ணே, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். ஆமைக்கு ஒரே பெயர் சொல்லும் பழக்கம் இங்கே இல்லை. பேராமை, சித்தாமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, அழுங்காமை என்று தனித்தனியாகத்தான் சொல்வோம். ஒவ்வொரு பெயரிலும் அடையாளம் இருக்கும். ஏழுவரி ஆமை முதுகில் நீளவாக்கில் ஏழு மேடு ஓடும். சித்தாமை சின்னது, பங்குனியை ஒட்டி முட்டையிடக் கரையேறுவதால் பங்குனி ஆமை என்றும் பெயர்.

அழுங்காமையின் அடையாளம் அதன் ஓடு. பேராமை ஓட்டில் கட்டங்கள் தரைக்கல் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அழுங்காமைக்கு அப்படி இல்லை. கழுத்துப் பக்கத்துத் தகடு பின்னால் இருக்கும் தகட்டின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். ஓரம் முழுக்க ரம்பப் பல் மாதிரி. ரொம்ப வயதான ஆமைக்கு அந்த ஏற்றம் தேய்ந்து தட்டையாகிவிடும், குட்டியிலும் இளசிலும்தான் நன்றாகத் தெரியும். உங்கள் தாத்தா காட்டிய கூரை ஓட்டைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஆட்கள் அழுங்கின் செதிலைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த ஆமையின் கறியை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்வார்கள். அது கடற்பஞ்சு தின்று வளர்வது, சில நேரம் கறியே விஷமாகி ஆளைக் கொன்றுவிடும்.

பதில்: உப்புக்காற்று

அழும் ஆமைதான் அழுங்காமை ஆகியிருக்கும். முட்டையிட வரும்போது கண்ணில் தாரை தாரையாக நீர் வடிவதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஆத்தாவும் இப்படித்தான் சொல்லும்.

பதில்: அரூர் தமிழாசிரியர்

ஆத்தா சொன்ன காட்சி உண்மை. ஆனால் பெயர் அங்கிருந்து வந்திருக்காது. கடலாமைகள் எல்லாமே கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றுகின்றன. கரையில் நாம் பார்க்கும் கண்ணீர் அதுதான். எல்லா ஆமையும் அழும்போது ஒன்றுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

இலக்கணமும் இடம் தராது. அழும் என்பதோடு ஆமை சேர்ந்தால் 'அழுமாமை' என்றுதான் வரும், நடுவில் ககரம் வர வழியே இல்லை. அழுங்கு என்ற சொல்லின் கடைசி உகரம் குற்றியலுகரம். பின்னால் உயிர் வந்தால் அது விலகிவிடும். அழுங்கு, ஆமை இரண்டும் சேர்ந்தால் நேராக 'அழுங்காமை'. வகுப்பில் இந்தப் புணர்ச்சிக்கு இனிமேல் இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லப் போகிறேன்.

குழப்பம் வருவதற்குக் காரணமும் உண்டு. அழுங்குதல் என்றால் வருந்துதல் என்று ஒரு பொருள். அந்த வினையிலிருந்து பார்த்தால் 'அழுங்காமை' என்பதை, கல்லாமை, முயலாமை போல, வருந்தாமல் இருத்தல் என்றும் படிக்கலாம். எழுத்து மாறாமல் ஒரு பக்கம் பிராணி, இன்னொரு பக்கம் எதிர்மறைத் தொழிற்பெயர்! போதாக்குறைக்குக் குறுந்தொகை 12ஆம் பாட்டு 'இவ் அழுங்கல் ஊரே' என்று முடிகிறது. அங்கே அழுங்கல் என்றால் ஆரவாரம், ஊரார் பேச்சு. வருத்தம், இரைச்சல், செதிலுள்ள விலங்கு என்று ஒரே ஒலிக்குள் இத்தனை இருப்பதால்தான் ஆளுக்கொரு கதை பிறக்கிறது.

லாரிக்காரத் தம்பி, உங்களுக்காகவே கடைசியாக ஒன்று வைத்திருக்கிறேன். இந்த ஆமையின் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல் 'இம்பிரிகேட்டா'. லத்தீனில் கூரை ஓட்டுக்கு 'இம்ப்ரெக்ஸ்' என்று பெயர், அதிலிருந்து வந்த சொல் இது. ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியது என்று பொருள். உங்கள் தாத்தா வீட்டுக் கூரையேதான். ஐரோப்பியர் ஓட்டைப் பார்த்தார்கள், நம் கடற்கரையார் அழுங்கைப் பார்த்தார்கள்.

பதில்: ஓசூர் மல்லிகை

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அழுங்குக்கு 'அலுகு' என்போம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் 'சிப்பு ஹந்தி' என்கிறார்கள். சிப்பு என்றால் ஓடு, ஹந்தி என்றால் பன்றி. அவர்கள் அந்தப் பிராணிக்கே ஓட்டைப் பெயராக்கிவிட்டார்கள், அண்ணா.

கேட்டவர்: அஞ்செட்டி லாரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் பாலக்கோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மூன்று தடவை படித்தேன். தாத்தா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. அழுங்கின் செதில், அழுங்காமை ஓட்டின் மேல்தகடு இரண்டுமே நம் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனவை என்று வனத்துறை வேலையில் இருக்கும் என் மச்சான் சொன்னான். செதிலுக்காக அதைக் கொன்றார்கள், சீப்பும் டப்பாவும் செய்ய இதைக் கொன்றார்கள். இரண்டும் இன்றைக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. அந்த ராகிக் காட்டில் இப்போதும் எங்கள் வீட்டு ஆட்கள் காவலுக்குப் போகிறார்கள். பிறாண்டும் சத்தத்தை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி கீழக்கரை லோடு இருக்கிறது. பெரியவருக்கென்று கிளிமூக்கு ஒரு பை தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். நாலு முழம் வலைக்கு என்ன விலை என்று அந்தத் தங்கச்சி சொன்னால் அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.