வெளிச்சம் குறைந்த கூடத்துக்குக் கருநீலம் அடிக்கலாமா?

வடக்கு ஜன்னல்:

பெரம்பூரில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. கூடம் 10க்கு 14 அடி. ஒரே ஜன்னல், வடக்குப் பார்த்தது. ஐந்தடி தள்ளிப் பக்கத்துக் குடியிருப்பின் சுவர். பகல் பதினொரு மணிக்கும் டியூப்லைட் போட வேண்டும். முதலில் வெள்ளை அடித்தோம், பிறகு எட்டு வருடம் சந்தன நிறம். இரண்டுமே மூலைகளில் சாம்பல் படிந்ததுபோல்தான் கிடந்தன. இந்தத் தடவை நான்கு சுவர்களுக்கும் கருநீலம், கூரைக்கு மட்டும் வெள்ளை என்று தீர்மானித்திருக்கிறேன். பெயிண்ட் அடிப்பவர் "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் நான், மனைவி, 71 வயது அம்மா. அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காளவாய்:

வேண்டாம் தம்பி. முப்பது வருடம் கட்டட வேலையில் இருந்தவன் சொல்கிறேன். பெயிண்ட் கம்பெனிகள் நிறங்களுக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. மேலே படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவை அந்த நிறம் திருப்பித் தருகிறது என்ற கணக்கு அது. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல் இருக்கும், கருநீலத்துக்கு 10க்குள். உங்கள் ஜன்னலில் நுழையும் வெளிச்சம் உள்மூலைக்கு நேராகப் போவதில்லை, சுவருக்குச் சுவர் பட்டுத்தான் போகிறது. வெள்ளைச் சுவரில் ஒரு தடவை பட்டால் 80 மிச்சம், இரண்டாம் தடவை 64, மூன்றாம் தடவை 51. கருநீலத்தில் முதல் தடவையே 7தான் மிஞ்சும். இரண்டாம் தடவை அரைகூட மிஞ்சாது.

நம் சுவர்களுக்கு நீலம் புதிதும் இல்லை. பொங்கலுக்கு முன் பீப்பாயில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டால் கொதித்து அடங்கும். அதைப் பழைய வேட்டியில் வடிகட்டி, கோந்து சேர்த்து, கடைசியில் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறு முடிச்சாகக் கட்டி அந்தப் பாலில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுப்பார் என் அப்பா. ஈரத்தில் சுவர் இளநீலமாகத் தெரியும், காய்ந்ததும் கண் கூசும் வெள்ளை. சுண்ணாம்பில் இருக்கும் மஞ்சளை அந்தத் துளி நீலம் தின்றுவிடும். வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு நீலத்தைத் தொட்டவர்கள் நாம். நீங்கள் அதை வைத்தே வெளிச்சத்தை அணைக்கப் பார்க்கிறீர்கள்.

குத்துவிளக்கு:

காளவாய் ஐயாவின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், முடிவை ஒப்புக்கொள்ள மாட்டேன். கோவையில் எங்கள் கூடமும் இருட்டுக் கூடம்தான். மூன்று வருடமாகப் பச்சை லேசாகக் கலந்த கருநீலத்தில் வாழ்கிறோம்.

வெள்ளைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வடக்கு ஜன்னலில் வருவது வானத்தின் நீல வெளிச்சம், அதுவும் இவருக்கு எதிர்ச்சுவரின் பாசியில் பட்டுத்தான் வருகிறது. அது வெள்ளைச் சுவரில் விழுந்தால் சாம்பலாகத்தான் தெரியும். வெள்ளையிலும் சந்தனத்திலும் அதைத்தானே பார்த்தேன் என்கிறார் அவரும். இருட்டான அறையை இருட்டு என்று ஏற்றுக்கொண்டு அதற்குரிய நிறத்தைக் கொடுப்பதில் என்ன பிழை? மூலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாததால் எங்கள் கூடம் முன்பைவிட ஆழமாகத் தெரிகிறது.

மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். என் மாமியார் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு சந்தனச் சுவர் முன்னால் மஞ்சளோடு மஞ்சளாகக் கரைந்து கிடந்தது. இப்போது அதன் தண்டில் உள்ள ஒவ்வொரு வளையமும் தனித்தனியே மின்னுகிறது. அந்தி நேரத்தில் சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலம் கடைசிவரை நிற்கும். புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்துச் சொன்னது இது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்காகவே இருக்கும் நிறம் கருநீலம்.

ஒன்று மட்டும் கட்டாயம். டியூப்லைட்டை மாற்றுங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் கருநீலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரமாகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்குகளை மூன்று இடங்களில் தாழ்வாக வையுங்கள்.

மொட்டைமாடி:

கருநிறம் சூட்டை இழுக்குமே, சென்னை வெயிலுக்குத் தாங்குமா? ஜோத்பூரில் குளிர்ச்சிக்காகவே நீலம் அடிக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

காளவாய்:

இந்த விஷயத்தில் கருநீலத்தின் மேல் பழி போட மாட்டேன். வெயிலே படாத உட்சுவர் எந்த நிறமாக இருந்தாலும் சூட்டில் குறிப்பிடும்படியான மாற்றம் இராது. வெளிச்சுவரும் மொட்டைமாடியும்தான் சூட்டைத் தீர்மானிக்கும், அங்கே வெள்ளைதான் அடிக்க வேண்டும். ஜோத்பூரில் அடிப்பது சுண்ணாம்பில் கலந்த இளநீலம், அது வேறு கதை.

பட்டி உப்புத்தாள்:

பெயிண்ட் வேலை எங்கள் குடும்பத் தொழில். எந்த நிறம் அழகு என்பதில் நான் தலையிடவில்லை, சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஓதம். பெரம்பூரில் பழைய கட்டடம் என்றால் குளியலறையை ஒட்டிய சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். உப்பு பூக்கும் சுவரில் வெள்ளை அடித்தால் ஒரு வருடம் யாருக்கும் தெரியாது. கருநீலம் அடித்தால் முதல் மழைக்கே கோலமாவு சிந்தியதுபோல் தெரியும். ஓதத்தை நிறுத்தாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது, பூச்சு. வெள்ளை பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும், அடியில் இருப்பதை மூடுவது அதுதான். கருநிறத்துக்குரிய பேஸில், அதாவது நிறம் கலக்கும் அடிப்படை பெயிண்டில், அது மிகக் குறைவு. அதனால் இரண்டு பூச்சில் ரோலர் போன தடம் பட்டை பட்டையாக நிற்கும், மூன்றாவது பூச்சு வேண்டும். பிரைமரையே சாம்பல் நிறத்தில் அடித்தால் ஓரளவு மிச்சம் பிடிக்கலாம்.

மூன்றாவது, பளபளப்பு வேண்டாம். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளம் எல்லாவற்றையும் கருநிறத்துப் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். மேட் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சுவிட்ச் பக்கத்தில் கைபட்டுக் கைபட்டு எண்ணெய்ப் பளபளப்பு ஏறும். அந்த இடத்தில் மட்டும் திருத்தி அடித்தால் ஒட்டுப்போட்ட துணிபோல் இருக்கும். முழுச் சுவரையும்தான் அடிக்க வேண்டும்.

சிமென்ட் பூச்சு புதிதாக இருந்தால் குறைந்தது 28 நாள் காயட்டும். பழைய காலத்துப் பிரஷ்யன் நீலம் சிமென்டின் காரத்தில் பழுப்பாகிவிடும். இப்போது வரும் தாலோசயனைன் நீலம் காரத்தைத் தாங்கும் என்றாலும் ஈரச் சுவரில் எந்த பெயிண்டும் நிற்காது.

முற்றம்:

எல்லோரும் சுவரைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசுகிறீர்கள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அந்தக் கூடத்தில் இருப்பவர் யார்? 71 வயது அம்மா. குத்துவிளக்கு சொல்லும் ஆறரை மணி அழகை நீங்கள் வந்து அனுபவிப்பீர்கள். அதற்கு முந்திய ஒன்பது மணி நேரத்தை அவர் அனுபவிக்க வேண்டும்.

என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூடத்துக்குக் கரும்பச்சை அடித்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். என் அம்மா அரிசியில் கல் பொறுக்க முறத்தோடு எப்போதும் கூடத்து ஜன்னலடியில் உட்காருவார். பெயிண்ட் அடித்த வாரத்தில் முறத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அடுத்த வாரம் முக்காலியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவருடைய இடம் வாசற்படிதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

குத்துவிளக்கு:

அம்மா உட்காரும் இடத்தில் தனியாக ஒரு விளக்கு வைத்திருந்தால் போயிருக்க மாட்டாரே சகோதரி. 20 வாட் எல்.இ.டி. விளக்கைப் பகலெல்லாம் பன்னிரண்டு மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள்தான் வரும்.

முற்றம்:

பகலில் தனக்கென்று விளக்குப் போட்டுக்கொண்டு உட்காரும் அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில், ஆள் இல்லாத அறையின் விளக்கை எழுந்து போய் அணைப்பவர் அவர்.

வடக்கு ஜன்னல்:

அம்மாவைக் கேட்காமல் இல்லை. "உன் இஷ்டம்" என்றார்.

முற்றம்:

"உன் இஷ்டம்" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்களா?

மூக்குக்கண்ணாடி:

இருபது வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறேன், அதனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. மஞ்சள் லென்ஸ் முதலில் தடுப்பது நீல ஒளியைத்தான். முதியவர்கள் பலருக்குக் கருநீலப் புடவைக்கும் கறுப்புப் புடவைக்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் எடுத்துவந்து வீட்டில் திட்டு வாங்குவார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923இல் கண்புரை அறுவை நடந்தது. அதுவரை எல்லாம் பழுப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தவருக்குப் பிறகு நீலம் தாங்க முடியாத அளவுக்குத் தெரிந்தது. நீங்கள் நீலச் சுவர் என்று அடிப்பது உங்கள் அம்மாவுக்குக் கறுப்புச் சுவராக இருக்கலாம். அம்மாவுக்குப் புரை இருக்கிறதா? முதலில் அதைக் கேட்டீர்களா?

வடக்கு ஜன்னல்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

இரண்டடிக்கு இரண்டடி அட்டை ஒன்றில் அந்த நிறத்தை மூன்று பூச்சு அடித்துக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மாவுக்குப் போன ஆவணியில் வலது கண்ணில் புரை அறுவை ஆனது, இடது கண் பாக்கி. அட்டையைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டேன். "நீலம்" என்றார். மூக்குக்கண்ணாடி சொன்னது நினைவில் இருந்ததால் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தார். கையை மாற்றி இடது கண்ணை மூடினார். திரும்பவும் வலதை மூடினார். "இந்தக் கண்ணுக்கு நம் பழைய கல்யாணப் பட்டு மாதிரி இருக்கிறது. இந்தக் கண்ணுக்கு அடுப்புக் கரி" என்றார். எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார் என்று எண்ணவில்லை. நான் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய முகூர்த்தப் புடவை கருநீலம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இடது கண்ணுக்கு மாசி மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பவரைப் பங்குனியில் வரச் சொல்லிவிட்டேன். இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு அம்மா சொல்லட்டும்.

காளவாய்:

பங்குனி வரை காத்திருப்பது நல்லது தம்பி. வெள்ளையே அடியுங்கள் என்றுதான் அப்போதும் சொல்வேன். அம்மாவுக்குப் பிடித்திருந்தால் எதிர்ச்சுவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவர்கள் இரண்டும் வெள்ளையாக இருக்கட்டும். உள்ளே வெளிச்சத்தைத் தள்ளுபவை அவைதான்.

முற்றம்:

அட்டையை அங்கேயே விட்டுவையுங்கள் அண்ணா. பகல் பன்னிரண்டுக்கு அம்மா எங்கே உட்காருகிறார் என்றும் பாருங்கள்.

பட்டி உப்புத்தாள்:

அதற்குள் குளியலறைச் சுவரைத் தடவிப் பார்த்தீர்களா?