ஆண் எலிச் சிறுநீரகத்தில் பித்த அமிலம் கூடுதலாக ஏறுவது: காரணம் ஏ.எஸ்.பி.டி.தானா?

கேள்வி (முதுகலை மாணவி, டர்பன்):
வணக்கம். விஸ்டர் எலிகளின் சிறுநீரகப் புறணியிலிருந்து தூரிகை விளிம்பு வெசிக்கிள்கள் (செல்லின் மேல்விளிம்புச் சவ்வால் ஆன நுண்பைகள்) பிரித்து, கதிரியக்கக் குறியிட்ட டாரோகோலேட் என்ற பித்த அமிலம் உள்ளேறுவதை அளக்கிறோம். சோடியம் குளோரைடு கரைசலில் ஆண் எலிக்கு அளவு தெளிவாகக் கூடுதல். சோடியத்தோடு சேர்த்துப் பித்த அமிலத்தை ஏற்றும் கடத்திப் புரதமான ஏ.எஸ்.பி.டி.யை டெஸ்டோஸ்டிரோன் தூண்டுகிறது என்று எழுதலாமா?

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு எழுதாதீர்கள். அந்த விளிம்பில் ஓ.ஏ.டி.பி.1ஏ1 என்ற கடத்தியும் இருக்கிறது. அதுவும் டாரோகோலேட்டை ஏற்றும், சோடியமே தேவையில்லை. எலிச் சிறுநீரகத்தில் ஆண்ட்ரோஜனை (ஆண் ஹார்மோனை) நம்பி நிற்பது அதுதான்: விதை நீக்கினால் குறையும், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் திரும்பும், எஸ்ட்ரோஜன் அதை அடக்கும்.

ஒவ்வொரு தயாரிப்பையும் 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடிலும், அதே அளவு பொட்டாசியம் குளோரைடிலும் ஓட்டுங்கள். 10 வினாடி அளவில் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சோடியம் சார்ந்த பங்கு. ஆண்–பெண் வேறுபாடு பொட்டாசியத்திலேயே நின்றுவிட்டால் ஏ.எஸ்.பி.டி.யை விட்டுவிடலாம். 60 நிமிட அளவையும் எடுங்கள். அது இரு பாலுக்கும் ஒத்துவராவிட்டால் வெசிக்கிள் கொள்ளளவே வேறு.

பெரிய தொல்லை ஒட்டல்தான். டாரோகோலேட், வெசிக்கிள்களைப் பிடிக்கும் வடிதாளிலும் சவ்விலும் ஒட்டும். 0.45 மைக்ரான் வடிதாளைக் கதிரியக்கமில்லாத 1 மில்லிமோலார் டாரோகோலேட்டில் முதலில் ஊறவையுங்கள். வெளிக்கரைசலில் சுக்ரோஸைக் கூட்டிக்கொண்டே போய் வெசிக்கிள்களைச் சுருக்குங்கள். சுருங்கியும் குறையாமல் மிஞ்சுவது ஒட்டியது, உள்ளே போனதல்ல.

பதில் 2 (ஜோஹன்னஸ்பர்க்):
தூரிகை விளிம்பின் அடையாள நொதியான ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் தயாரிப்பில் எத்தனை மடங்கு செறிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆண் தயாரிப்பில் 10 மடங்கு, பெண் தயாரிப்பில் 6 மடங்கு என்றால் ஒப்பீடே செல்லாது. பெண் எலியின் சுழற்சி 4–5 நாள். யோனிப் பூச்சு (சுழற்சி எந்த நிலையில் என்று காட்டும் செல் சோதனை) பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாகக் கலந்தால் எஸ்ட்ரோஜன் விளைவு மங்கிவிடும். விதை அல்லது சூலகம் நீக்கி, 2–3 வாரம் விட்டு, ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கர்ப்பிணிகளுக்கு வரும் பித்தத்தேக்க அரிப்போடு இதை இணைக்கலாமா?

பதில் 3 (மருத்துவர், டர்பன்):
கூடாது அம்மா. ஓ.ஏ.டி.பி.1ஏ1க்கு நேரான இணை மனிதருக்கு இல்லை. அந்த நோயில் கோளாறு கல்லீரலில்: எஸ்ட்ரடையால் குளுகுரோனைடும் சல்பேட் ஏறிய புரோஜெஸ்டிரோன் பொருள்களும் அங்கு பித்த அமிலத்தைப் பித்தத்துக்குள் வெளியேற்றும் பி.எஸ்.இ.பி. என்ற கடத்தியை மறிக்கின்றன. மனிதச் சிறுநீரகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 100 மைக்ரோமோல் பித்த அமிலம் இரத்தத்திலிருந்து வடிகட்டப்படுகிறது, சிறுநீரில் போவது 1–2 மைக்ரோமோல்தான். இரத்த அளவு ஏறினால் சல்பேட் வடிவில் கூடுதலாகப் போகும். ஆனால் கர்ப்பிணிக்குச் சிறுநீரை நம்பாதீர்கள், இரத்த அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது.