ஊசி அனுப்புகிறவர் குப்பைக்கும் பொறுப்பா?

மணிமாறன்:
கொரோனா காலத்து மருத்துவக் கழிவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022 பிப்ரவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை ஐ.நா. ஏற்பாட்டில் மட்டும் சுமார் 87,000 டன் பாதுகாப்பு உடை, கவசம், கையுறை வாங்கி நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பகுதி குப்பையாகத்தான் முடிந்திருக்கும். மிகப் பின்தங்கிய நாடுகளிலோ 60 சதவீத மருத்துவ நிலையங்களுக்கு வழக்கமான கழிவையே கையாள வசதியில்லை. என் வாதம் இதுதான்: பொருள் அனுப்புகிறவர்கள் அதை அழிக்கும் செலவையும் சேர்த்தே தர வேண்டும்.

செல்வி:
உயிர் போகிற நேரத்தில் குப்பைக்கும் காசு வை என்றால் கப்பல் கிளம்பியிருக்குமா? நான் வார்டில் வேலை பார்த்தவள். ஒரே என்95 முகக்கவசத்தைக் காகித உறையில் போட்டு வைத்து, சில நாள் கழித்து மறுபடி மாட்டியிருக்கிறேன். அப்போது யார் அனுப்பினாலும் கும்பிட்டு வாங்கியிருப்போம்.

மணிமாறன்:
அக்கா, செய்ய முடியாததைச் சொல்லவில்லை. யுனிசெஃப் 2020இல் 52 கோடி சிரிஞ்சுகளைச் சேர்த்து வைக்கத் திட்டமிட்டபோது போட்ட ஊசிகளைப் போட்டு வைக்கும் 50 லட்சம் பாதுகாப்புப் பெட்டிகளும் கூடவே வாங்கியதே.

செல்வி:
அட்டைப்பெட்டி தம்பி அது. நிரம்பிய பிறகு? ஊரில் ஆட்டோகிளேவ், அதாவது நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம், இல்லையென்றால் பின்பக்கம் குழி வெட்டிக் கொளுத்துவார்கள். பெட்டி ஊசி குத்தாமல் காக்கும், புகைக்கு என்ன செய்யும்? சரி, இயந்திரமே தருகிறார்கள் என்று வையுங்கள். அதை ஓட்ட ஆளும், மின்சாரமும், பழுது பார்க்க ஒருவரும் உள்ளூர் அரசுதான் தர வேண்டும்.

கொழும்பான்:
இரண்டு பேரும் காசையே பேசுகிறீர்கள். பழைய மெத்தை, கம்பளம் என்று எழுதி பிரித்தானியாவில் இருந்து எங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன்கள் ஞாபகம் இல்லையா? 2019இல் பிடிபட்டது. ஆஸ்பத்திரிக் கழிவும் உள்ளே கிடந்தது. மொத்தம் 263. ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை என்று ஒன்று இருந்தபடியால்தான் திருப்பி எடு என்று கேட்க முடிந்தது. அதுவும் முதல் 21 கப்பலேறியது 2020 செப்டம்பரில், கடைசி 45 போனது 2022 பெப்ரவரியில். காகிதத்தில் எழுதி வைத்த உரிமைக்கே இந்தப் பாடு. நல்ல மனதை நம்பி யாரிடம் போய்க் கேட்பது?

மணிமாறன்:
அது கள்ளத்தனமாக வந்த குப்பை, நான் பேசுவது உதவியாக வந்த பொருள். ஆனால் எழுத்தில் வேண்டும் என்பதை ஏற்கிறேன். கழிவுச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். துவைத்துக் கட்டும் அங்கி, தேவைக்கு மட்டும் கையுறை என்று வாங்கும்போதே குறைக்கவும் செய்யலாமே?

செல்வி:
கையுறை என்றதும் சிரிப்பு வந்தது. தடுப்பூசி போடக் கையுறை தேவையே இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகாமில் ஆளுக்கு ஆள் மாற்றினோம், மத்தியானத்துக்குள் சிவப்புப் பை நிரம்பிவிடும். ஒருநாள் மாட்டாமல் உட்கார்ந்தேன். வரிசையில் முதலில் நின்ற பெரியவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.