ஓமவல்லி செடில இருந்துதான் ஓமம் வருதா?

மாடித்தோட்டக்காரி:
தொட்டில வச்ச கற்பூரவல்லிய (எங்க ஊர்ல ஓமவல்லி) தொட்டாலே அப்படியே ஓமம் வாசனை, ஆனா ரெண்டு வருஷமாச்சு ஒரு விதை கூட கிடைக்கல. நர்சரிக்காரர் ஓமச்செடின்னுதான் குடுத்தாரு, ஏமாந்துட்டேனா?

பச்சிலை:
ரெண்டும் வேற வேற செடிங்க. ஓமம் கொத்தமல்லி, சீரகம் குடும்பம், கற்பூரவல்லி துளசி, புதினா குடும்பம். வாசனை ஒத்துப்போறதுக்கு காரணம் தைமால், கார்வக்ரால்னு ரெண்டு பொருள், ரெண்டுக்கும் ஒரே கெமிக்கல் ஃபார்முலாதான், ஒரு சின்ன அணுத் தொகுதி ஒட்டியிருக்கிற இடம் மட்டும் மாறும். ஓமத்துல தைமால் தூக்கல், கற்பூரவல்லில ரெண்டுமே இருக்கும், எது அதிகம்னு செடிக்கு செடி மாறும்.

சும்மா_ஒரு_டவுட்டு:
அப்போ கசக்கினாத்தான் ஏன் வாசனை தூக்குது?

பச்சிலை:
இலை மேல பொடிப்பொடியா முடி இருக்குல்ல, அதுல சிலதோட நுனில எண்ணெய் பை இருக்கும், தேய்ச்சா உடைஞ்சு ஆவியாகுது. கறிவேப்பிலைல அந்தப் பை இலைக்கு உள்ளேயே இருக்கு, வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க புள்ளி புள்ளியா தெரியும்.

மாடித்தோட்டக்காரி:
பாத்துட்டேன், நிஜமாவே தெரியுது! சரி விதை போனா போகுது, சாயங்காலம் இலை பஜ்ஜி போட்டுட வேண்டியதுதான்.