புனருத்தாரணமா, திருத்தவேலையா?

கேள்வி: திருகோணமலையில் எங்கள் ஊர்க் கோயில் வேலைக்கு அறிவித்தல் எழுதுகிறேன். புனருத்தாரணம், திருத்தவேலை, புதுப்பித்தல் ஆகியவற்றுள் எது பொருந்தும்? மண்டபக் கூரையில் ஓடுகள் மாற்றி, சுவருக்கு வர்ணம் பூசவுள்ளோம்.

பதில் 1: திருத்தவேலை என்றே எழுதுங்கள். சிதைந்ததை மீள எடுத்து நிறுத்துவதே புனருத்தாரணம். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில், 1950இல் நிலத்தடியிலிருந்து கிடைத்த பழைய திருவுருவங்களுடன் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டதே, அதற்குத்தான் அந்தச் சொல் தகும். சிறு வேலைக்கும் அதையே வழங்கினால் சொல்லின் கனம் குறைந்துவிடும் என்பது என் கவலை.

பதில் 2: உடன்படுகிறேன். அன்றாட வழக்கும் இதில் நுட்பமானது. சைக்கிளைத் திருத்துகிறோம், கிழிந்த வலையைப் பொத்துகிறோம், காலாவதியான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறோம். அடகுவைத்த காப்பையோ மீட்கிறோம், ஏனெனில் அது பழுதடையவில்லை, கைவிட்டுப் போயிருந்தது. மீட்டலையும் திருத்தலையும் செய்தித்தாள்கள்கூடக் கலந்து எழுதுவது வருத்தமளிக்கிறது.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் நன்றி. ‘மண்டபக் கூரைத் திருத்தவேலையும் வர்ணப்பூச்சும்’ என்று எழுதிவிடுகிறேன்.

பதில் 1: மிகப் பொருத்தம். வேலை தொடங்கும் நாளையும் சேர்த்துவிடுங்கள்.