நமாஹகேவுக்குக் கொம்பு வரையலாமா?

கோட்டோவியன்:
சிறுவர்களுக்கான பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றுக்குப் படம் வரைகிறேன். ஜப்பானின் நமாஹகே பற்றிப் பதிப்பகம் அனுப்பிய குறிப்பு இரண்டே வரி: "பனிமலைப் பேய். குழந்தைகளைத் தின்னும்." கொம்பும், ரத்தம் சொட்டும் கத்தியும் வேண்டுமாம். எனக்கு அந்த ரத்தம் உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகிதாவாசி:
முதலில் ரத்தத்தை அழியுங்கள். கத்தியே பெரும்பாலும் மரத்தில் செய்ததுதான். வடக்கு ஜப்பானில் அகிதாவின் ஓகா தீபகற்பத்தில், உடன் வேலை செய்பவர் வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். டிசம்பர் 31 இரவு ஊர் இளைஞர்களே முகமூடியும் வைக்கோல் உடையும் அணிந்து வருகிறார்கள். நினைத்த வீட்டில் நுழைந்துவிட முடியாது. ஒருவர் முன்னால் வந்து அனுமதி கேட்பார். துக்க வீட்டுக்குள் போவதில்லை. உள்ளே வந்ததும் தரை அதிர மிதித்து, "அழுகிற பிள்ளை உண்டா? சோம்பேறி உண்டா?" என்று முழக்கம். அந்த வீட்டுப் பையன் அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டான். அப்பாவோ பதறாமல் விருந்தாளியை உட்காரவைத்து, சாகே என்னும் அரிசி மதுவை ஊற்றி, "இவன் நல்ல பிள்ளை" என்று பரிந்து பேசுகிறார். வீட்டை வாழ்த்திவிட்டு நமாஹகே கிளம்புகிறது. உதிர்ந்த வைக்கோலை அன்றிரவு பெருக்குவதில்லை. தலையில் கட்டிக்கொண்டால் நோய் அண்டாதாம். அவர்களுக்கு அது தெய்வம். தின்னும் பேய் என்று எழுதியவர் வாசலோடு திரும்பிவிட்டார் போலிருக்கிறது! 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் வருகைத் தெய்வங்களின் சடங்காகத்தான்.

முகமூடி ஊருக்கு ஊர் மாறும். ஓகாவின் ஷின்சான் பகுதி நமாஹகேவுக்குக் கொம்பே கிடையாது.

பழங்கதைப்பிரியை:
எல்லாப் பழியையும் வெளியாட்கள் தலையில் கட்ட வேண்டாம். சீனாவின் ஹான் பேரரசர் வூ ஐந்து ஓனிகளோடு, அதாவது கொம்புள்ள அரக்கர்களோடு, வந்தார் என்பது ஓகாவின் சொந்தக் கதை. ஓனிகள் ஒரே இரவில் ஆயிரம் படி கட்டினால் ஆண்டுக்கொரு பெண்ணைத் தருவதாக ஊர்க்காரர்கள் பந்தயம். 999 முடிந்தபோது யாரோ சேவல்போல் கூவ, விடிந்துவிட்டது என்று ஓனிகள் ஓடிவிட்டன. அகாகாமி கோயிலில் படிகளைக்கூடக் காட்டுகிறார்கள். கொம்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை.

அகிதாவாசி:
மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள்தான் சாகேயும் ஊற்றுகிறார்கள். உபசாரத்தை வெட்டிவிட்டு அச்சத்தை மட்டும் கடை பரப்புவதுதான் எனக்கு எரிச்சல்.

கோட்டோவியன்:
அப்படியானால் ஷின்சான் முகமூடி. விருந்தில் உட்கார்ந்திருக்கும் காட்சி. பதிப்பகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியது என் பாடு. காலில் என்ன?

அகிதாவாசி:
வைக்கோல் காலணி. உடையைத் தைத்த சட்டைபோல வரைந்துவிடாதீர்கள். தோளிலும் இடுப்பிலும் சுற்றிக் கட்டியதாக, நுனிகள் பிய்ந்து தொங்கட்டும்.