சென்னைப் பந்தயத் திடலில் ஒரு நாள் பயிற்சி: ஹயர் ஓடுபவனுக்குப் பயன்படுமா?

எருவில் வேன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. களுவாஞ்சிகுடியில் வேன் வைத்து ஹயர் ஓடுகிறேன். பதினெட்டு வருடத் தொழில். கிழமைக்கு இரண்டு தடவையாவது கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவேன். இரவில் புறப்பட்டு வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, ஹபரணை வழியாக ஓடி விடியும் முன் ஆட்களை இறக்கிவிடுவேன். மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் பெரிய விபத்து எதுவும் இதுவரை நேரவில்லை.

அடுத்த மாதம் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகிறோம். இரண்டு கிழமை தங்க வேண்டும். அங்கே இருக்கும் மைத்துனர், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் நடக்கும் ஒரு நாள் கார் ஓட்டப் பயிற்சியில் எனக்கு இடம் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கட்டணமும் அவருடையது, காரும் அவர்களே தருவார்களாம். எனக்கு ஆசைதான். மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் பந்தயக் கார் பார்வையாளர்கள்மீது பாய்ந்து ஏழு பேர் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளில் இருந்து, பந்தயம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுடைய முகம் மாறிவிடுகிறது.

வீதியில் மாடு படுத்திருக்கும், பெரும்போக அறுவடை முடிந்தால் பாதி வீதியில் நெல் காயும், புணானையில் யானை நிற்கும். இப்படிப்பட்ட வீதியில் ஓடுகிற எனக்கு அந்தப் பயிற்சியால் உண்மையில் ஏதாவது கிடைக்குமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வந்தாறுமூலை ஆசிரியர்:

தம்பி, என் கருத்து வேறு. முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன் நான். என் வகுப்பில் இருந்த இரண்டு பிள்ளைகளை மோட்டார் சைக்கிள் வேகத்துக்குப் பறிகொடுத்திருக்கிறேன். இருவருக்கும் ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மிக நன்றாக ஓடுவார்கள், அதனால்தான் ஓடினார்கள். வேகத்தைப் பழக்கிக் கொடுக்கும் இடத்துக்குப் போய் வந்த ஒருவர் வீட்டுக்குத் திரும்பியதும் மெதுவாக ஓடுவார் என்று நான் நம்பவில்லை. அம்மாவின் கண்ணைக் கவனித்துவிட்டு, கபாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு நல்லபடியாக ஊர் வந்து சேருங்கள்.

வாவிக்கரை (ஆரையம்பதி):

தம்பி, போங்கள். கட்டாயம் போங்கள். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

2015 மார்கழி. திருக்கோவிலில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டு அக்கரைப்பற்றுப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. வீதி கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. தம்பிலுவில் தாண்டியதும் இடப்பக்கப் பற்றையில் இருந்து ஒரு கன்று பாய்ந்தது. நான் 60இல் வந்திருப்பேன். அந்த வேகத்தில் கார் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கை அடித்தேன். மிதி காலடியில் கறகறவென்று உதைத்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டேன். கன்று செத்துப்போனது. அதன் சொந்தக்காரி, ஒரு கிழவி, அந்தச் சேற்றில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. காசு கொடுத்தேன். ஆனாலும் அந்த மடி இன்றுவரை என் கண்ணுக்குள் இருக்கிறது.

பிறகு கணவரின் வேலையோடு டுபாய் போனோம். 2018இல் அங்குள்ள ஆட்டோட்ரோம் பந்தயத் திடலில் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தது. காலையில் வகுப்பு, அதன் பிறகு முதற்பாடமே பிரேக். 80இல் வந்து, சிவப்புக் கூம்பு வைத்த இடத்தில் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். மூன்று தடவை மிதித்தேன், மூன்று தடவையும் மிதி கறகறவென்று உதைத்ததும் கால் தானாக எழும்பிவிட்டது. பயிற்றுநர் தலை நரைத்த மனிதர். சத்தம் போடாமல் சொன்னார்: “அது உடைகிற சத்தம் இல்லை. சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். கார் நிற்கும் வரைக்கும் காலை எடுக்காதீர்கள்.” நான்காவது தடவை எடுக்கவில்லை. கூம்பில் இருந்து முப்பது மீட்டர் அளவில் கார் நின்றது. எனக்கு உடனே தம்பிலுவில் ஞாபகம் வந்தது. அதே சத்தம், அதே உதைப்பு. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றார்.

அதுவரை ஒன்பது வருடம் கார் ஓடியிருந்தேன். ஒரு நாளாவது பிரேக்கை அடிவரை மிதித்ததில்லை. லேனர்ஸ் பள்ளியில் யாரும் மிதிக்கச் சொன்னதில்லை, வீதியில் மிதித்துப் பழகவும் முடியாது. உங்கள் பதினெட்டு வருடத்தில் எத்தனை தடவை மிதித்திருப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

பூட்டிக்கொண்ட சில்லு உருளாது, சறுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேரேதான் போகும். ஏபிஎஸ் ஒரு செக்கனுக்குள் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் சில்லு உருண்டுகொண்டே இருக்கிறது. அதனால்தான் முழுதாக மிதித்தபடியே மாட்டை விலத்தவும் முடிகிறது. மிதிப்பதும் திருப்புவதும் ஒரே நேரத்தில். அன்று பகலுக்குள் அதைப் பதினைந்து தடவையாவது செய்ய வைத்தார்கள்.

மத்தியானம் தண்ணீர் விட்ட தளத்தில் சறுக்கப் பழக்கினார்கள். இதில்தான் கண்ணைப் பற்றிப் படித்தேன். கார் சறுக்கும்போது நான் கூம்பைப் பார்த்தேன், கூம்பிலேயே போய் மோதினேன். திரும்பவும் அப்படியே. கூம்புக்குப் பக்கத்தில் இருந்த வெளியைப் பார்க்கச் சொன்னார். அந்த வெளிக்குள் கார் போனது. கண் எங்கே போகிறதோ கை அங்கே திருப்புகிறது. இப்போது வீதியில் எருமை நின்றால் நான் எருமையைப் பார்ப்பதில்லை, அதன் வாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

உட்காரும் முறையையும் மாற்றினார்கள். தோள் இருக்கையில் பட்டிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். நம் சாரதிகளில் பலர் கட்டிலில் சாய்ந்தது போல ஓடுகிறார்கள். அந்தத் தூரத்தில் இருந்து பிரேக்கில் முழுப் பலமும் இறங்காது.

பின்னேரம் ஐந்து சுற்று வேகமாக ஓடவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஆசிரியர் ஐயா, உங்கள் இரண்டு பிள்ளைகளின் கதை என் நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் அவர்களுக்கு ஓடத் தெரிந்திருந்தது என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கைப்பிடியை முறுக்கத் தெரிந்திருந்தது. நிறுத்த யார் பழக்கினார்கள்?

கல்முனைத் தம்பி:

நான் இருங்காட்டுக்கோட்டையிலேயே பயிற்சி எடுத்தவன். சென்னையில் படிக்கும்போது போனேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் நகரத்தில் இருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன். 1990இல் திறந்த திடல், சுற்று ஒன்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். டுபாயில் இடப்பக்க ஸ்டியரிங், இந்தியாவில் நம்மைப் போல வலப்பக்கம். அந்த வகையில் அண்ணனுக்கு இதுவே நல்லது.

அடிப்பகுதி மெல்லிய சப்பாத்து போடுங்கள், செருப்போடு விடமாட்டார்கள். தலைக்கவசம் அங்கேயே தருவார்கள். வெயில் கொளுத்தும், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடம்தான் ஓட விடுவார்கள், அதற்கே உடம்பு நனைந்துவிடும். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. வேகமாக ஓடி வந்து நிறுத்தியதும் கைப் பிரேக்கை இழுக்காதீர்கள், பிரேக் நெருப்பாகக் காய்ந்திருக்கும். கியரில் விட்டு இறங்குங்கள்.

அண்ணி பயப்பட வேண்டாம். தியத்தலாவையில் நடந்தது போட்டி, ஓடுபாதை ஓரத்தில் சனம் நின்றது. இங்கே பார்வையாளர் இல்லை, போட்டியும் இல்லை. பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் இருப்பார்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். பயிற்சி முடிந்து ஊருக்கு வந்த முதல் மாதம் நான் வேகமாகத்தான் ஓடினேன். வாப்பா ஒரு நாள் என்னோடு அக்கரைப்பற்றுக்கு வந்தவர், நிந்தவூரில் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார். ஆசிரியர் ஐயா சொன்னதில் உண்மை இருக்கிறது.

ஓட்டமாவடி கராஜ்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது ஏபிஎஸ் உள்ள, ஏபிஎஸ் வேலை செய்கிற வாகனத்துக்கு. தம்பி, உங்கள் வேன் எது? டொயோட்டா ஹயஸில் பழைய டொல்பினா, பிறகு வந்த கேடிஎச்சா? டொல்பின்களில் ஏபிஎஸ் இல்லாதவையே எங்கள் பக்கம் அதிகம். ஏபிஎஸ் இல்லாத வேனில் அடிவரை மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். அதில் பூட்டும் எல்லை வரை அழுத்தி, சறுக்குவது தெரிந்தால் சற்றே தளர்த்தித் திருப்ப வேண்டும். சென்னையில் பயிற்றுநரிடம் இந்த முறையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பாமல் முன்பலகையைப் பாருங்கள். ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரிந்து சில செக்கனில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது. ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் அது அறவே எரியாவிட்டால் இன்னும் மோசம். பழுதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். விற்பதற்கு முன் இந்த வேலையைச் செய்து வைத்த வாகனங்கள் என் கராஜுக்கு வந்திருக்கின்றன.

கார் திரும்புவது போல வேன் திரும்பாது என்பதையும் மறக்க வேண்டாம். உயரம் கூட, பாரம் மேலே இருக்கிறது, கூரையில் வேறு பயணப் பெட்டிகளை அடுக்குகிறோம். திடலில் கார் தாங்கிய வளைவில் அதே வேகத்தில் வேனைத் திருப்பினால் ஒரு பக்கச் சில்லு எழும்பிவிடும். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஒயில் பசறைப் பக்க இறக்கத்தில் கொதித்தால் மிதி அடியில் போய் உட்கார்ந்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பூ தேயாமல் இருக்கிறதே என்று பத்து வருட டயரில் ஆட்களை ஏற்ற வேண்டாம்.

எருவில் வேன்காரன்:

நன்றி அக்கா, நன்றி நானா. வேன் கேடிஎச், நான் மூன்றாவது சொந்தக்காரன். விளக்கை நாளைக்குப் பார்க்கிறேன். ஆசிரியர் ஐயா, கோபிக்க வேண்டாம், நீங்கள் சொன்னதையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

அக்கா, இன்னும் ஒரு கேள்வி. வளைவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? பந்தயத்தில் வளைவுதானே முக்கியம் என்கிறார்கள்.

வாவிக்கரை (ஆரையம்பதி):

வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி. திடலில் வெளி விளிம்பில் இருந்து உள் விளிம்பைத் தொட்டு மறுபடி வெளி விளிம்புக்குப் போகச் சொல்லித் தருவார்கள். அங்கே எதிரே வாகனம் வராது, முழு அகலமும் உங்களுக்குத்தான். நம் வீதியில் அப்படி ஓடினால் எதிரே வருகிற பஸ்ஸின் மூக்கில் போய் நிற்பீர்கள். ஆனால் அதில் ஒன்று நமக்கும் உதவும். வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர் வீதியில் வைத்தே குறைத்துவிட வேண்டும். வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் திரும்பவும் வேகம் கொடுக்க வேண்டும். வலப்பக்க வளைவில் இடது ஓரத்தை விடாமல் போனால் தூரம் தெரியும். அவ்வளவும் உங்கள் பாதி வீதிக்குள்.

நித்திரையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவில் புறப்பட்டு விடியும் முன் கட்டுநாயக்க என்று எழுதியிருந்தீர்கள். திரும்பி வரும்போது எங்கே படுக்கிறீர்கள்? கண் மூடிய சாரதியின் கால் பிரேக்குக்கே போகாது. அதற்கு எந்தத் திடலிலும் பாடம் இல்லை. ஹபரணையில் வேனை நிறுத்தி ஒரு மணித்தியாலம் படுங்கள். ஆட்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வந்தாறுமூலை ஆசிரியர்:

மகள், நிறுத்த யார் பழக்கினார்கள் என்று கேட்டீர்கள். இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் பழக்கவில்லை. பள்ளி மைதானத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தப் பழக்க யாராவது வருவார்களானால் அதிபரிடம் நானே பேசுகிறேன்.

கல்முனைத் தம்பி:

நான் வருகிறேன் சேர். கூம்புக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல் வைத்தாலே போதும்.

எருவில் வேன்காரன்:

இன்று விடியற்காலையில் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் விளக்கு எரிகிறது, பற்றரி விளக்கு எரிகிறது, கைப் பிரேக் விளக்கு எரிகிறது. ஏபிஎஸ் விளக்கு எரியவே இல்லை. மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். நான்கு வருடமாக இந்த வேனில்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு புணானைக் காட்டுக்குள் ஓடியிருக்கிறேன். மனைவியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் அந்த ஒரு நாளுக்கு நீங்கள் போங்கள், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இன்றைய ஹயரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். நானா, பத்து மணிக்கு வேனை ஓட்டமாவடிக்குக் கொண்டு வருகிறேன். கராஜில் இருப்பீர்கள்தானே?